கேப்பர் மலைக்கு அந்தாண்ட காடு மாதிரி அடைஞ்சு கிடக்கற நிலம், எம்டிபி (மலைச் சைக்கிள்) ட்ரெயில் எங்கேருந்து ஆரம்பிக்கறது?

கெடிலம்_பெடல்:

வணக்கம் மக்களே. நான் கடலூர். கேப்பர் மலைக்கு அந்தாண்ட மாமாவுக்கு 11 ஏக்கர் பட்டா நிலம் இருக்கு. முந்திரித் தோப்பா இருந்தது, 2011 டிசம்பர் கடைசில தானே புயல் வந்து முக்கால்வாசி மரத்த சாச்சிட்டுப் போயிடுச்சு, மாமா மனசு விட்டுப்போய் அதுக்கப்புறம் அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூட படுக்கறதில்ல. இப்ப அது முழுசா காடு. காயா, வெப்பாலை, உண்ணிச்செடி, சூரைமுள்ளு, நடுநடுவுல தப்பிச்ச முந்திரி, பத்தடி தள்ளி ஆள் நின்னா தெரியாது. மேல கொஞ்சம் சமதரை, அங்கேருந்து சரிஞ்சு கீழ்க்கோடில ஒரு செம்மண் ஓடைல போய் முடியுது. மேலுக்கும் கீழுக்கும் 16 மீட்டர் வித்தியாசம், நேரா அளந்தா 140 மீட்டர் தூரம்.

நாங்க நாலு பேரு ஹார்ட்டெயில் (முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்கற மலைச் சைக்கிள்) வெச்சிக்கினு ஈசிஆர்லயே ஓட்டிக்கினு இருக்கோம், மண்ணுல ஓட்ட இடமே இல்ல. மாமா கிட்ட கேட்டேன், முந்திரி மரத்துல கை வெக்காம என்ன வேணா பண்ணிக்கோடான்னுட்டாரு. என் பிளான் என்னன்னா மேட்டுல இருந்து ஓடை வரைக்கும் நேரா ஒரு லைன், நடுவுல ரெண்டு டிராப் (சைக்கிளோட குதிச்சு இறங்கற படி), கடைசில ஒரு பெரிய பெர்ம் (வளைவுல வெளிப்பக்கம் ஒசத்திக் கட்டற மண் கரை). தெரிஞ்ச ஜேசிபி அண்ணன் ஒருத்தர் டீசல் போட்டா போதும் வந்து தள்ளித் தரேன்னு சொல்றாரு. மழைக்கு முன்னாடி முடிச்சிடலாமான்னு பாக்கறோம். ட்ரெயில் போட்ட அனுபவம் உள்ளவங்க யாராச்சும் சொல்லுங்க.

செம்மண்புழுதி:

மொதல்ல அந்த நேர் லைன மனசுல இருந்து அழிச்சிடுங்க தம்பி. ரெண்டாவது ஜேசிபி அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுங்க. மத்தத அப்புறம் பேசலாம்.

ஏன் சொல்றேன்னா சரிவுக்கு நேரா இறங்கற பாதைல விழற தண்ணிக்கு வெளிய போக வழியே இல்ல, பாதையேதான் வாய்க்கால். டயரு நடுவுல லேசா ஒரு பள்ளம் போடும், தண்ணி அந்தப் பள்ளத்த புடிச்சிக்கும், வேகம் எடுக்கும், வேகம் எடுத்தா மண்ண அள்ளும், பள்ளம் இன்னும் ஆழமாகும். நம்ம மண்ணு வேற எப்படிப்பட்டதுன்னு உங்களுக்கே தெரியும். கடலூர் மணற்கல்னு நம்ம ஊரு பேருலயே ஒரு பாறை இருக்கு, பாண்டில இருந்து நெய்வேலி விருத்தாசலம் வரைக்கும் அதான் கிடக்குது, திருவக்கரைல கல்மரம் இருக்கே அதுவும் இந்தப் பாறைலதான். நல்லா இறுகாத பாறை, மேல செம்மண்ணும் சரளையும். சித்திரைல கடப்பாரை போட்டா துள்ளும், கார்த்திகைல அதே மண்ணு கரைஞ்சு ஓடும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் கரையேறினப்போ பாண்டில ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சுல்ல, அப்போ எங்க பக்கம் சரிவுக்கு நேரா இறங்கின ஒரு வண்டிப்பாதை முழங்கால் ஆழத்துக்கு அறுத்துக்கினு போயிடுச்சு. பத்தடி தள்ளி சரிவுக்குக் குறுக்கால போற ஆட்டுத்தடம் ஒண்ணும் ஆகாம அப்படியே இருந்தது. ட்ரெயில் வேலைன்னா அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசந்தான்.

கணக்குக்கு வருவோம். 140 மீட்டருக்கு 16 மீட்டர்னா உங்க சரிவு ஏறக்குறைய 11 சதவீதம். ட்ரெயில் போடறவங்க எல்லா ஊர்லயும் சொல்ற ஒரு கணக்கு இருக்கு, அமெரிக்கால 1988-ல ஆரம்பிச்ச இம்பாங்கற மலைச் சைக்கிள் அமைப்பும் இதத்தான் சொல்லித்தருது: பாதையோட சாய்வு நிலத்தோட சாய்வுல பாதிக்கு மேல போகக்கூடாது. பாதிக்கு மேல போனா தண்ணி குறுக்கால தாண்டிப் போகாம பாதையோடவே வரும். அப்ப உங்களுக்கு அஞ்சரை சதவீதந்தான் உச்சம். நான் உங்க எடத்துல இருந்தா சராசரி 4 வெச்சுப்பேன். 16 மீட்டர் இறக்கத்த 4 சதவீதத்துல இறங்கினா குறைஞ்சது 400 மீட்டர் ட்ரெயில், நடுநடுவுல மேடேத்தி இறக்கினா இன்னும் நீளும். நேரா போனா 140 மீட்டர்ல பத்து பதினஞ்சு செகண்டுல முடிஞ்சு போற சமாச்சாரம் இது, இப்படி வளைச்சு வளைச்சுப் போட்டா ஓட்டவும் நேரம் கிடைக்குது.

அளக்கறதுக்கு கிளினோமீட்டர் (சரிவு அளக்கற கருவி)லாம் ஆன்லைன்ல தேடாதீங்க. கொத்தனார் வெச்சிருக்கற டியூப் லெவல் போதும், 15 மீட்டர் டிரான்ஸ்பரன்ட் டியூப்புல தண்ணி ஊத்தி உள்ள குமிழ் இல்லாம தட்டி விட்டுடுங்க. ரெண்டு பேரு ஆளுக்கொரு குச்சி, குச்சில சென்டிமீட்டர் கோடு போட்டுக்கோங்க. 10 மீட்டர் தள்ளி நின்னு தண்ணி மட்டத்துல 40 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தா 4 சதவீதம், அங்க ஒரு சிவப்புத் துணி கட்டு, அடுத்த பத்து மீட்டர். புதர் அடர்த்தியா இருக்கற எடத்துல கண்ணால பாத்து சரிவ சொல்றதெல்லாம் நடக்காது, கண்ணு நல்லா ஏமாத்தும், டியூப் ஏமாத்தாது.

அப்புறம் டிப். பத்துல இருந்து பதினஞ்சு மீட்டருக்கு ஒருதரம் இறங்கிக்கினு இருக்கற பாதை லேசா ஒரு மேடு ஏறி திரும்ப இறங்கணும். அந்த ஏத்தத்துக்கு முன்னாடி இருக்கற தாழ்வுல தண்ணி நின்னு வெளிய கொட்டிடும், அடுத்த மேட்டத் தாண்டி வராது. இத வெட்டி முடிச்சப்புறம் சேக்க முடியாது, துணி கட்டறப்பவே லைன்ல வந்திருக்கணும். ஓட்டறப்ப பெடல் மிதிக்காம, உடம்ப அமுக்கித் தூக்கியே வேகம் எடுத்து பம்ப் பண்ணிக்கினே போகலாம், அதுக்கும் இதுதான்.

வெட்டறது இப்ப வேணாம். இன்னும் ஒரு மாசத்துல மழை. இப்ப வெட்டிப் போட்டா புது மண்ணு அவ்வளவும் ஓடைல போய் சேரும். இப்ப துணி மட்டும் கட்டுங்க, மழை புடிச்சதும் குடைய எடுத்துக்கினு போய் உங்க லைன்ல நடந்து பாருங்க, தண்ணி எங்க நிக்குது எங்க ஓடுதுன்னு அதுவே காட்டும், பாத்துட்டு துணிய மாத்திக் கட்டுங்க. தை மாசம் மண்ணுல ஈரம் இருக்கறப்ப வெட்டினா வெட்டவும் சுலபம், மிதிச்சா இறுகவும் செய்யும். காஞ்ச செம்மண்ண எவ்ளோ அடிச்சாலும் இறுகாது, புழுதிதான் பறக்கும்.

ஜம்ப்_மச்சி:

யோவ் செம்மண்ணா ரொம்ப பயமுறுத்தறீங்க 😄 எங்க டீம்ல ஜேசிபி வெச்சுதான் பம்ப் ட்ராக் (மேடுபள்ளமா சுத்தி வர்ற சைக்கிள் தடம்) போட்டோம், ரெண்டே நாள்ல வேலை முடிஞ்சுது. நாலு சதவீதத்துல என்ன த்ரில்லு இருக்கு, பசங்க தூங்கிடுவாங்க. டிராப் கண்டிப்பா வெய்யி ப்ரோ.

செம்மண்புழுதி:

பம்ப் ட்ராக் போட்டது வெட்டவெளி மைதானத்துல மச்சி. இது காடு. ஜேசிபி ரெண்டேகால் மீட்டர் அகலம், அது உள்ள போனா வர்றது ட்ரெயில் இல்ல, ரோடு. மேல கூரை மாதிரி மூடியிருக்கற எலை திறந்துக்கும், வெயில் தரைல விழும், ஒரு வருசத்துல அந்த ரெண்டு மீட்டர்லயும் உண்ணிச்செடியும் வேலிக்காத்தானும் தலைக்கு மேல நிக்கும், அப்புறம் வருசா வருசம் அருவாளோட அதுக்குப் பின்னாடியே ஓடணும். கையால 80 சென்டிமீட்டர் வெட்டினா கூரை அப்படியே இருக்கும், நிழல்ல களை வராது. த்ரில்லு வேகத்துல மட்டும் இல்ல, அடர்ந்த காட்டுல 20 கிலோமீட்டர் வேகமே 40 மாதிரி தெரியும், ரெண்டு பக்கமும் மரம் உரசிக்கினு போகும்ல.

டிராப் வெக்கட்டும், வேணாங்கல. ஆனா டிராப்புக்குப் பக்கத்துலயே சுத்திப் போற லைன் ஒண்ணு வெச்சிடுங்க, இறங்கற எடத்துக்கு அப்புறம் நேரா ஒரு பத்து மீட்டராச்சும் மரமில்லாம இருக்கணும்.

காட்டுஎலுமிச்சை:

ட்ரெயில் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, வானூர் பக்கம் நாட்டுமரம் நாத்து வளக்கறவ நான், செடி பத்தி கொஞ்சம் சொல்றேன்.

தம்பி நீங்க சொன்ன காயா, வெப்பாலை எல்லாம் சேந்து வந்திருக்குன்னா உங்க மாமா ஒண்ணுமே பண்ணாம ஒரு பெரிய வேலை பண்ணியிருக்காரு. இந்தக் கடலோர செம்மண்ணுல இயற்கையா இருந்தது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு, இன்னிக்கு அது ஒழுங்கா மிச்சம் இருக்கறது கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் மாதிரி சில கோயில் காட்டுலதான். ஆரோவில்ல 1968-க்கு அப்புறம் வந்தவங்க பொட்டல் காட்டுல மொதல்ல கரை போட்டு தண்ணிய நிறுத்தி, அப்புறம் மரம் நட்டு, வருசக்கணக்கா பாடுபட்டு கொண்டுவந்தது இந்தக் காட்டத்தான். அதனால லைன் போடறதுக்கு முன்னாடி செடி தெரிஞ்ச ஒருத்தர கூட்டிக்கினு ஒரு தடவ நடங்க. வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி எல்லாம் விரல் தண்டி இருந்தாலே பல வருசத்துச் செடி, ரொம்ப மெதுவா வளரும், அத வெட்டிட்டு உண்ணிச்செடிய விட்டு வெச்சா வயிறெரியும் எனக்கு. லைன உண்ணிச்செடி அடைஞ்ச எடமா பாத்து கொண்டு போங்க, வெட்டறது அதுவா இருக்கட்டும். வேரோட பிடுங்கணும், வெட்டி மட்டும் விட்டா திரும்பத் துளுக்கும்.

மழைக்காலத்துல அங்க ஆறுமணிக்குருவி வரும், காலைலயும் சாயங்காலமும் கூப்பிடும், எலைச்சருகக் கிளறித்தான் பூச்சி தின்னும். சருக பாதைய விட்டு வெளிய அப்படியே கிடக்கட்டும், சுத்தம் பண்றேன்னு கூட்டி அள்ளி கொளுத்திடாதீங்க. நிலத்துல பாதியாச்சும் ட்ரெயிலே இல்லாம விட்டுடுங்க, கோடு கோடா எல்லா எடத்துலயும் இடியாப்பம் பிழிஞ்சு வெச்சா எந்த ஜீவனும் தங்காது.

இன்னொண்ணு, ஓடைக்கு அந்தப் பக்கம் யாரு நிலம்? ரிசர்வ் காடா இருந்தா ஒரு மீட்டர் கூட உள்ள போயிடாதீங்க. தமிழ்நாடு வனச்சட்டம் 1882-ல இருந்தே இருக்கு, அனுமதியில்லாம நுழைஞ்சாலே கேசு, செடிய வெட்டினா சொல்லவே வேணாம். புலப்படம் (நிலத்தோட எல்லை காட்டற சர்வே வரைபடம்) எடுத்து சர்வேயர வெச்சு எல்லைக்கல்ல பாத்துக்கோங்க. சந்தனமரம் ஏதும் மொளச்சிருந்தா பட்டா நிலமா இருந்தாலும் தொடாதீங்க.

கெடிலம்_பெடல்:

அடேங்கப்பா, இவ்ளோ எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. ஜேசிபி கேன்சல். அக்கா நீங்க சொன்னது நெஜந்தான், ஓடைக்கு அந்தாண்ட காட்டிலாகா கல்லு ஒண்ணு நட்டிருக்கு, ஓடைக்கு 20 மீட்டர் முன்னாடியே திருப்பிடறோம். நேத்து மேஸ்திரி கிட்ட டியூப் வாங்கிட்டுப் போய் ஒரு லைன் புடிச்சுப் பாத்தோம், நான் சமம்னு நெனச்ச எடம் 3 சதவீதம் எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கு!

சந்தேகம் மூணு இருக்கு. வளைவுல என்ன பண்றது, ஒவ்வொரு லைன் முடிவுலயும் யூ டர்ன் வருதே. மேட்டுல இருக்கற சமதரைல ட்ரெயில் போடறது சுலபம்தானே, அங்கேருந்தே ஆரம்பிக்கலாமா. அப்புறம் லைன்ல ரெண்டு பெரிய மரம் குறுக்க வருது, வேரு வெளிய தெரியுது, அத என்ன பண்றது?

செம்மண்புழுதி:

சமதரைதான் இருக்கறதுலயே கஷ்டம். சரிவுல தண்ணிக்கு வழி காட்டிடலாம், சமதரைல அது போக எடமே இல்லாம பாதைலயே குட்டையா நிக்கும், சைக்கிள் ஓட்ட ஓட்ட சேறு அகலமாகிக்கினே போகும். கண்டிப்பா அங்க வேணும்னா பக்கத்துல ரெண்டு குழி வெட்டி அந்த மண்ணப் போட்டு பாதைய ஒரு ஜாண் ஒசத்துங்க. இல்ல மழைக்காலத்துல அந்தத் துண்ட மூடிடுங்க.

சரிவுல வெட்டறப்ப, பாதையோட முழு அகலமும் வெட்டின கெட்டித் தரைலயே இருக்கணும். மேல்பக்கம் வெட்டின மண்ண கீழ்ப்பக்கம் கொட்டி அதையும் பாதையா சேத்துக்கறது ரொம்பப் பேரு பண்றது, ஒரே மழைல அந்த ஓரம் உக்காந்துடும், அப்புறம் சைக்கிள் அங்கதான் வழுக்கும். வெட்டின மண்ண கூடைல அள்ளி தூரமா வீசுங்க, இல்ல பெர்முக்கு எடுத்து வெய்ங்க. பாதை வெளிப்பக்கமா லேசா சாஞ்சிருக்கணும், 80 சென்டிமீட்டர் அகலத்துக்கு 4 சென்டிமீட்டர் இறக்கம். ஒரு கோலிக்குண்ட பாதை நடுவுல வெச்சா அது பாதையோட ஓடாம வெளிப்பக்கமா உருண்டு போச்சுன்னா சரி. மேல்பக்க வெட்டு செங்குத்தா நிக்காம சாய்வா செதுக்கி விடுங்க, நம்ம மண்ணு செங்குத்தா நிக்காது.

வளைவு. சரிவு குறைஞ்ச எடமாப் பாத்து வளைவ வெய்ங்க, அத மொதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் ரெண்டு வளைவையும் சேக்கற லைன போடுங்க. எல்லாரும் லைன் போட்டுட்டு கடைசில எங்க இடிக்குதோ அங்க திருப்புவாங்க. வளைவோட ஆரம் மூணு நாலு மீட்டருக்குக் குறையாம. ஒவ்வொரு பெர்முக்கும் முன்னாடி ஒரு டிப் வெச்சு தண்ணிய வெளிய தள்ளிடணும், இல்லன்னா பெர்முக்குள்ள தண்ணி தேங்கி உள்பக்கமா அறுக்கும். பெர்ம் மண்ண ஒரு ஜாண் போட்டு ஈரத்தோட திம்மிசு போட்டு இடிச்சு, அதுக்கு மேல அடுத்த ஜாண். மொத்தமா குவிச்சு மேல மட்டும் தட்டினா உள்ள பொறபொறன்னு இருக்கும், ரெண்டு ரைடுல ஒடையும்.

ரெண்டு லைனுக்கும் நடுவுல 12 மீட்டராச்சும் விடுங்க. கிட்ட கிட்ட இருந்தா பசங்க குறுக்கால பூந்துடுவானுங்க, அந்தக் குறுக்கு வழி சரிவுக்கு நேரா இருக்கும், மறுபடி வாய்க்கால்தான்.

மரத்துக்கு மேல்பக்கமா போங்க, கீழ்ப்பக்கமா வேணாம். கீழ வெட்டினா அடிமண்ணு போய் வேரு வெளிய வந்து மரம் உங்க பாதை மேலயே சாயும், மேல போனா மரமே பாதையத் தாங்கும். மணிக்கட்டு தண்டிக்கு மேல இருக்கற வேர வெட்டாதீங்க. ரெண்டு மரத்துக்கு நடுவுல பூந்து போறது நல்லா இருக்கும், ஆனா இப்ப வர்ற ஹேண்டில்பார் 78 சென்டிமீட்டர், இடைவெளி 120-க்குக் குறையாம இருக்கட்டும்.

அடர்ந்த காட்டுல ரொம்ப முக்கியம் எதிர்ல வர்ற ஆளு தெரியாது. ஒரே திசைதான்னு வெச்சிடுங்க, ஏற தனி லைன், இறங்க தனி லைன். ரெண்டும் வெட்டிக்கற எடத்துக்கு முன்னாடி ஒரு ஏத்தமோ நெருக்கமான வளைவோ வெச்சு வேகத்தக் கொறைங்க. போர்டு வெச்சா எவனும் படிக்க மாட்டான்.

பண்ருட்டி_தோப்புக்காரன்:

நான் சைக்கிள் ஓட்டறவன் இல்ல, பையன் ஓட்டறான், அவன் காட்டினதால படிச்சேன். செடி வெட்டறது பத்தி யாரும் சொல்லலையேன்னு எழுதறேன்.

அருவாளால சாய்வா வெட்டி கணுக்கால் ஒசரத்துக்கு குச்சிய விட்டு வெக்காதீங்க. அது ஈட்டி. விழுந்தா தொடைல ஏறும். சின்னச் செடின்னா தோண்டி வேரோட எடுத்துடணும், எடுக்க முடியலன்னா தரைமட்டத்துக்கும் கீழ வெட்டி மண்ணு மூடணும். முந்திரிக் கிளை தலை ஒசரத்துல பரந்து வரும், உங்க மாமா கை வெக்காதன்னு சொன்னது அதத்தான், ஒரு கிளைய எடுத்தா அந்த வருசம் காய்ப்பு போகும். லைன மரத்தோட குடைக்கு வெளிய கொண்டு போங்க. கண்டிப்பா எடுக்கணும்னா அடித்தண்டோட சேர்ற எடத்துல இருக்கற வளையத்த விட்டு ரம்பத்தால அறுங்க, அருவாளால கொத்தினா தண்டு பொளந்து பூச்சி ஏறும், முந்திரிக்கு தண்டுதுளைப்பான் வந்தா மரமே போச்சு. முந்திரிப் பாலு மேல பட்டா பொத்துப்போகும், முழுக்கை சட்ட போட்டுக்கோங்க.

வெட்டின முள்ளையும் தழையையும் பாதை ஓரமா குவிக்கவே குவிக்காதீங்க. அந்தக் குவியலுக்குள்ள எலி வரும், எலிக்குப் பின்னாடி பாம்பு வரும். செம்மண் காட்டுல சுருட்டைவிரியன் சருகு நிறத்துலயே கிடக்கும், மிதிக்கற வரைக்கும் தெரியாது. தள்ளிக் கொண்டு போய் பரப்பி விடுங்க. வெட்டறப்ப கம்பால தட்டிட்டு கை வெய்ங்க, கம்பூட் போடுங்க. கடிச்சுட்டா கட்டு போடறது, கீறி விடறது, பச்சிலை எதுவும் வேணாம், கடிபட்டவன நடக்க விடாம 108-க்கு போன் போட்டு நேரா கடலூர் ஜிஎச்சோ ஜிப்மரோ.

கெடிலம்_பெடல்:

ஐயா ரொம்ப நன்றி, இது எதுவும் எங்களுக்குத் தோணவே இல்ல. ஆளு கூலிக்கு விடலாமா இல்ல நாங்களே வெட்டறதா?

பண்ருட்டி_தோப்புக்காரன்:

நீங்களே வெட்டுங்க தம்பி. கூலி ஆளு நல்லா வெட்டுவாரு, ஆனா அவரு கை வரப்புக்குப் பழகின கை, நேரா கோடு புடிச்சு வெட்டிட்டுப் போயிடுவாரு, உங்க டிப்பு கிப்பெல்லாம் மேடுபள்ளம்னு நெனச்சு சமம் பண்ணி வெச்சிருப்பாரு. பெரிய வேரு, கல்லு இருக்கற எடத்துக்கு மட்டும் கடப்பாரை புடிக்கத் தெரிஞ்ச ஒருத்தர ரெண்டு நாளைக்குக் கூப்பிடுங்க.

மாமா கிட்ட ஒண்ணு கேட்டுக்கோங்க. பங்குனி சித்திரைல முந்திரி பொறுக்க பொம்பளைங்க வருவாங்கல்ல, குனிஞ்சுக்கினே போவாங்க, புதருக்குள்ள இருக்கறது உங்களுக்குத் தெரியாது. பொறுக்கி முடியற வரைக்கும் காலைல ட்ரெயில மூடிடுங்க.

ஜம்ப்_மச்சி:

சரிப்பா ஜேசிபி வேணாம், ஒத்துக்கறேன். தை மாசம் வெட்டறப்ப சொல்லுங்க, எங்க டீம்ல அஞ்சு பேரு வர்றோம், மம்முட்டி கொண்டாறோம். பிரியாணி உங்க செலவு. டிராப் லைன நான்தான் வெட்டுவேன்.

கெடிலம்_பெடல்:

டீல். வர்றப்ப சைக்கிள் டியூப்புல பஞ்சர் அடைக்கற சீலன்ட் ஊத்திட்டு வா மச்சி, நேத்து லைன் புடிக்கப் போன நாலு சைக்கிள்ல மூணு பஞ்சர், எல்லாம் சூரைமுள்ளு.